பவளத்தொட்டிக்கு முதல் மீன் வாங்கும் முன்

கடல்நீர்த் தொட்டியில் எந்தெந்த உயிர்கள் குடியேறப் போகின்றன என்பது தொட்டியில் தண்ணீர் நிரப்பும் முன்பே தாளில் எழுதி முடிவாகியிருக்க வேண்டும். நன்னீர்த் தொட்டியில் சண்டைக்கார மீன் ஒன்று வந்துவிட்டால் வலைபோட்டு எடுத்துவிடலாம். பாறை அடுக்கி, மணல் பரப்பி, மீன்களோடு இறால், நத்தை, மென்பவளம் என்று முதுகெலும்பில்லாத உயிர்களையும் சேர்த்து வளர்க்கும் ரீஃப் டேங்கில் அது நடக்காது. ஒரு மீனைப் பிடிக்கப் பாறை அடுக்கையே பிரிக்க வேண்டியிருக்கும். அதில் ஒட்டி வளர்ந்தவையும் சேர்ந்து பெயரும். கடையில் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிய ஒரே ஒரு மீன், ஆறு மாத உழைப்பை இப்படிக் கலைத்துவிடுகிறது. அந்த மீனுக்கும் அது நல்ல முடிவாக இருப்பதில்லை.

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்ளலாம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முதல் முறை கடல்நீருக்கு வருபவருக்கு இது நல்ல அளவு. கொள்ளளவு ஏறத்தாழ 255 லிட்டர். பாறையும் மணலும் பிடிக்கும் இடத்தையும், மேலே விடும் இரண்டு அங்குலத்தையும் கழித்தால் உண்மையில் இருக்கும் தண்ணீர் 200 லிட்டர்தான். மீன் எண்ணிக்கையை இந்த 200-ஐ வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

இத்தனை லிட்டருக்கு இத்தனை அங்குல மீன் என்று ஒரு வாய்பாடு பலரும் சொல்வதுண்டு. அதை நம்ப வேண்டியதில்லை. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் உடல் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. தின்பதும் கழிப்பதும் எடையோடுதான் போகும். 5 சென்டிமீட்டர் மீன்கள் ஐந்தும் 25 சென்டிமீட்டர் மீன் ஒன்றும் ஒரே சுமை அல்ல. இந்தத் தொட்டிக்கு, முழு வளர்ச்சியிலும் 10 சென்டிமீட்டரைப் பெரிதாகத் தாண்டாத மீன்கள் எட்டு போதும். வளர்ந்த அளவைப் பார்க்க வேண்டும், கடையில் காட்டும் குஞ்சின் அளவை அல்ல.

சென்னை போன்ற ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. பவளத்தொட்டி உயிர்களுக்கு 25, 26 டிகிரி வெப்பம்தான் நிம்மதி. சித்திரை வைகாசியில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி 31-ஐச் சாதாரணமாகத் தொடும். 26 டிகிரி கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.6 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 31 டிகிரியில் அது 6.1 ஆகக் குறைகிறது. வெப்பம் ஏறினால் மீனின் ஆக்சிஜன் தேவை கூடுகிறது, தண்ணீரில் இருப்போ குறைகிறது. அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போனால், நெருக்கடியான தொட்டி சில மணி நேரத்தில் மூச்சடைக்கும். சில்லரும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும் வாங்கிவைத்த பிறகே மீன் பட்டியலுக்கு வருவது நல்லது.

பட்டியலை எழுதத் தொடங்கும்போதே, எழுதக் கூடாதவை எவை என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் இதைச் சட்டமே சொல்லிவிடுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பல கடல் உயிர்கள் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் அட்டை, கடல் குதிரை, சில ராட்சதச் சிப்பிகள் ஆகியவை அவற்றில் அடங்கும். வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்கும் அக்ரோபோரா, மான்டிபோரா போன்றவை இந்த வரிசையில்தான் வருகின்றன. யாரோ ரகசியமாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால், மறுத்துவிட வேண்டும்.

இந்தச் சட்டம் வெறும் கெடுபிடி அல்ல. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முன் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளப்பாறையை வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் இன்று தண்ணீருக்கடியில் கிடப்பதற்கு அது பெரிய காரணம். பவளம் போனால் தீவும் போகும் என்பதைக் கண்ணால் பார்த்த கடற்கரை இது. ஆகவே தொட்டிக்குள் அடுக்கவும் கடலில் எடுத்த பவளத்துண்டு வேண்டாம். செராமிக்கிலும் சிமென்ட்டிலும் செய்த செயற்கைப் பாறைகள் இருக்கின்றன. நுண்ணுயிர்கள் குடியேற அவற்றின் நுண்துளைகள் போதும். சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா என்று வேறு நாடுகளில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு. அங்கும் கல்பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டுகளையே வாங்குவது சரியான பழக்கம்.

இனி உயிர்கள். தொட்டி ஓடத் தொடங்கியதும் நான்கு முதல் ஆறு வாரம் பாக்டீரியாக்களுக்கு உரியது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் பெருகி நிலைக்க வேண்டும். இதற்காக ஒரு மலிவான டாம்சல் மீனை உள்ளே விட்டு அதை அம்மோனியாவில் தவிக்க விடுவது பழைய வழக்கம். இப்போது அதற்கு எந்தத் தேவையும் இல்லை. கொஞ்சம் அம்மோனியம் குளோரைடைக் கணக்காகச் சேர்த்தாலே பாக்டீரியாக்களுக்குத் தீனி கிடைத்துவிடும். சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யமாகக் காட்டினால் தொட்டி தயார்.

அதன்பின் பாறையிலும் கண்ணாடியிலும் பழுப்பாக ஒரு படலம் படரும். சிலிக்கா ஓடுள்ள டயாட்டம் பாசி அது. அதைக் கண்டு பயந்து மருந்து ஊற்ற வேண்டாம். நத்தைகளைக் கொண்டுவர வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். புதுத் தொட்டிக்கு ட்ரோக்கஸ் நத்தையே சிறந்தது. கண்ணாடி, பாறை இரண்டையும் மேயும்; தவறி மல்லாந்து விழுந்தாலும் தானே புரண்டு எழும். அஸ்ட்ரியா நத்தையும் நன்றாக மேயும், ஆனால் மணலில் மல்லாந்தால் அதனால் திரும்ப முடியாது; யாரும் பார்க்காவிட்டால் அங்கேயே சாகும். டர்போ நத்தை பெருந்தீனிக்காரன், ஒட்டாத பொருள்களைத் தள்ளிவிட்டுக்கொண்டே போகும். மணலுக்குள் புதைந்திருந்து, தீனி போட்டதும் தும்பிக்கை போன்ற குழாயை நீட்டி வெளியே வரும் நஸ்ஸாரியஸ் நத்தை, மிச்சத் தீனியை அழுகவிடாமல் தின்னும். ட்ரோக்கஸ் எட்டு, நஸ்ஸாரியஸ் ஆறு என்று தொடங்கினால் போதும். கடைகளில் 'கிளீனப் க்ரூ' என்று ஐம்பது அறுபது உயிர்களைக் கட்டாக விற்பார்கள். புதுத் தொட்டியில் அத்தனைக்கும் பாசி இருக்காது. பாதி பட்டினியில் செத்து, அந்த அழுகலே அம்மோனியாவாகும்.

துறவி நண்டுகள் பார்க்க வேடிக்கையானவை. வளர வளர அவற்றுக்குப் பெரிய ஓடு வேண்டும், அதற்காக உயிருள்ள நத்தையைக் கொன்று ஓட்டைப் பிடுங்கிக்கொள்ளும். வேண்டுமென்றால் இரண்டு மூன்று சிறிய வகை நண்டுகளும், அவற்றுக்காகப் பல அளவில் காலி ஓடுகளும் போடலாம். மணலைச் சலித்துத் தின்னும் நட்சத்திர மீனைப் பட்டியலில் இருந்து அடித்துவிட வேண்டும். மணலில் வாழும் நுண்ணுயிர்கள் அனைத்தையும் சில மாதங்களில் தின்று தீர்த்துவிட்டு, பிறகு அது மெல்ல மெல்லப் பட்டினியால் கரையும்.

மீன்களைப் பொறுத்தவரை தொட்டியை மூன்று அடுக்காகப் பார்ப்பது உதவும்: மணல், பாறை இடுக்கு, நடுநீர். ஜோடி சேராத ஒரே வடிவ மீன்கள் இரண்டு ஒரே அடுக்கில் இருந்தால் அங்கே சண்டை நிச்சயம்.

மணலுக்கு ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி, அதோடு ஒரு பிஸ்டல் இறால். இந்த ஜோடியைவிட நேரம் மறந்து பார்க்கத் தகுந்த காட்சி சின்னத் தொட்டியில் வேறு இல்லை. இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. ஆனால் வளை தோண்டுவதில் சளைக்காது. கோபிக்குப் பார்வை கூர்மை, தோண்டத் தெரியாது. இறால் தன் உணர்கொம்பை மீனின்மேல் வைத்தபடியே மண் சுமந்து வெளியே தள்ளும். ஆபத்து தெரிந்தால் மீன் வாலைச் சிலிர்க்கும், இரண்டும் ஒன்றாக வளைக்குள் மறையும். இவை பாறைக்கடியில் தோண்டும் என்பதால், மணல் பரப்பும் முன்பே பாறைகளைத் தொட்டியின் அடித்தளத்தில் நேரடியாக ஊன்றி நிறுத்த வேண்டும். மணலின் மேல் நிற்கும் பாறை ஒருநாள் சரியும்.

நடுநீருக்கு ஃபயர்ஃபிஷ் ஒன்று. முதுகுத் துடுப்பை ஆண்டெனாபோல் நிமிர்த்திக்கொண்டு, ஓட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் மிதக்கும் மீன். பயந்த சுபாவம், மிரண்டால் துள்ளும், மூடியில்லாத தொட்டியில் அடுத்த நாள் தரையில் கிடக்கும். அதற்குத் துணையாக பாங்காய் கார்டினல் ஜோடி. இந்தோனேசியாவின் பாங்காய்த் தீவுக்கூட்டத்தைச் சுற்றி மட்டுமே இயல்பாக வாழும் இந்த மீனில் முட்டையை வாயில் வைத்து அடைகாப்பது ஆண். குஞ்சுகள் மிதவைப் பருவம் இல்லாமல், வாயிலிருந்து முழு மீனாகவே வெளிவருகின்றன. அதனால் வேறு தீவுகளுக்குப் பரவும் வழியில்லை. பிடித்துப் பிடித்து விற்றதில் எண்ணிக்கை சரிந்து, 2007-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் (ஐயூசிஎன்) இதை அழியும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. ஆனால் வாயில் அடைகாக்கும் அதே குணத்தால் பண்ணையில் எளிதாகப் பெருகும். பண்ணைக் குஞ்சு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்கலாம். நான்கைந்து சேர்த்து விட்டால் கடைசியில் ஒரு ஜோடிதான் மிஞ்சும்.

எல்லோரும் தேடி வரும் கோமாளி மீனும் பட்டியலில் உண்டு, ஆசெல்லாரிஸ் இனம். இந்த மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் வலுத்தது பெண்ணாக மாறும். அடுத்த நிலையில் உள்ளது அதன் இணையாகும். ஆகவே ஆண் எது பெண் எது என்று கடையில் கேட்டுப் பயனில்லை. ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு இளம் மீன்களை வாங்கினால் தாமே ஜோடியாகும். மூன்றாவதை விட்டால் அடிவாங்கியே சாகும். தமிழ்நாட்டிலேயே மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. கடலில் பிடித்ததை வாங்க இனி ஒரு காரணமும் இல்லை. பண்ணையில் பிறந்தது முதல் நாளே தீனி தின்னும், நோயும் குறைவு.

கோமாளி மீன் என்றதும் கடல் சாமந்தியும் கூடவே வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். தொட்டியில் பிறந்த கோமாளிக்கு அது இல்லாமலே நன்றாக வாழத் தெரியும். கடல் சாமந்திக்கு வலுவான ஒளியும், ஓராண்டாவது ஓடி நிலைத்த தண்ணீரும் தேவை. இடம் பிடிக்காவிட்டால் அது நகரும். போகிற வழியில் மென்பவளங்களைக் கொட்டும். பம்புக்குள் சிக்கி நைந்தால் தொட்டி முழுவதையும் கெடுக்கும். இரண்டாம் ஆண்டில் யோசிக்கலாம்.

பாறை இடுக்குக்கு வால்புள்ளி பிளென்னி போன்ற ஒரு சிறு பிளென்னி. பாசியைச் சுரண்டித் தின்பது, ஓட்டைக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டி ஊரையே வேடிக்கை பார்ப்பது. பாசி படர்ந்தபின் வர வேண்டிய மீன் இது. எட்டாவதாக ஒரு ஃபேரி ரேஸ், வண்ணத்துக்கும் ஓட்டத்துக்கும். விலை குறைவு என்று பலரும் வாங்கும் ஆறுகோடு ரேஸ் இந்த அளவுத் தொட்டிக்கு ஏற்றதல்ல. சில மாதங்களில் தொட்டியே தனக்கு என்று நினைத்து, ஃபயர்ஃபிஷ் போன்ற சாதுக்களை மூலைக்கு விரட்டும்.

விட்டுவிட வேண்டிய மீன்களில் முதலாவது நீல டேங். 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் டோரி. கடையில் கட்டைவிரல் அளவில் இருப்பது 30 சென்டிமீட்டர் வரை வளரும், நாள் முழுவதும் நீந்திக்கொண்டே இருக்கும். 4 அடித் தொட்டி அதற்குச் சிறை. டாம்சல்கள் மலிவு, அழகு, சாகாது. ஆனால் பின்னால் வரும் ஒவ்வொரு மீனையும் துரத்தும். மாண்டரின் மீன் கோப்பிபாடு போன்ற நுண்ணிய உயிர்களையே நாள் முழுக்கப் பொறுக்கித் தின்பது. புதுத் தொட்டியில் அவை தீர்ந்ததும் வயிறு ஒட்டிச் சாகும், அதுவும் இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொண்டு. கிளீனர் ரேஸ் பெரிய மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணியைத் தின்று பிழைப்பது. எட்டுச் சிறு மீன்கள் உள்ள தொட்டியில் அதற்கு வேலையும் இல்லை, உணவும் இல்லை. அது கடலிலேயே இருக்கட்டும். பட்டாம்பூச்சி மீன்களில் பல மென்பவளத்தைக் கொத்தும். டிரிக்கர், பேத்தை, சிங்க மீன் ஆகியவற்றுக்கு இறாலும் சிறு மீனும் இரையாகவே தெரியும்.

இறால்களில் முதல் இடம் கிளீனர் இறாலுக்கு. சிவந்த முதுகில் வெள்ளைக்கோடு. இரண்டு விட்டால் இரண்டும் முட்டை சுமக்கும், ஏனெனில் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பது. வாரங்கள் கழித்து வெளிவரும் குஞ்சுகள் மீன்களுக்கு விருந்து. பாறையில் ஐப்டாசியா என்னும் கொட்டும் களைச் சாமந்தி முளைத்தால் பெப்பர்மின்ட் இறால் தின்று தீர்க்கும். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: கிட்டத்தட்ட அதே போலிருக்கும் ஒட்டக இறால் மென்பவளத்தையே தின்னும். முதுகில் திமில் தெரிந்தாலோ, வெள்ளைக்கோடுகள் பளிச்சென்று இருந்தாலோ அது வேறு. கோடுபோட்ட பாக்ஸர் இறாலை மற்ற இறால்களோடு விட்டால் கொன்றுவிடும்.

மென்பவளங்களில் காளான் பவளமும் தோல் பவளமும் தொடக்கக்காரரின் தவறுகளைப் பொறுத்துக்கொள்பவை. எது வாங்கினாலும், எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணம் கேட்க வேண்டும். தோல் பவளம் அக்கம்பக்கத்தை அடக்க வேதிப்பொருளை நீரில் விடும். வடிகட்டியில் கரித்தூள் வைத்து அவ்வப்போது மாற்றினால் அது பெருகாது. சோயந்திட் வகைகளை எடுத்துக்கொள்பவர் ஒன்றை மறக்கவே கூடாது. அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவோ வெட்டவோ கூடாது. அவை ஒட்டியிருக்கும் பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கவைப்பது, நீராவியில் நஞ்சைக் கிளப்பி வீட்டிலுள்ள எல்லோரையும் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடிய செயல். குழந்தைகள் உள்ள வீட்டில் சோயந்திட் இல்லாமலே தொட்டி அழகாக இருக்கும்.

தேர்வைப் போலவே முக்கியம் வரிசை. கடல் மீனுக்கு இடம் என்பது சொத்து. முதலில் வந்தது உரிமை கொண்டாடும். ஆகவே சாதுவானவை முதலில், முரடானவை கடைசியில். நத்தைகளுக்கு அடுத்து வாட்ச்மேன் கோபியும் அதன் இறாலும், பிறகு ஃபயர்ஃபிஷ். அவை பழகியபின் கார்டினல் ஜோடி, கிளீனர் இறால். மூன்றாம் நான்காம் மாதத்தில் பிளென்னி. அதன்பின் கோமாளிகள், கடைசியில் ரேஸ். ஒவ்வொரு சேர்க்கைக்கும் இடையில் இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். கூடிய கழிவைத் தாங்கும் அளவுக்கு பாக்டீரியா பெருக அவ்வளவு காலம் ஆகும். மொத்தப் பட்டியலும் நிறைவேற ஆறு மாதத்துக்கு மேல் எடுக்கும். பெரும்பாலோர் முதல் மீனாகக் கோமாளியைத்தான் வாங்குகிறார்கள், ஆசையின் வேகம் அப்படி. அந்த ஆசையை நான்கு மாதம் தள்ளிப்போடுவது தொட்டிக்குச் செய்யும் பெரிய உதவி.

ஒவ்வொரு மீனும் முதலில் ஒரு மாதம் தனித்தொட்டியில் இருந்துவிட்டு வர வேண்டும். கிரிப்டோகாரியான் என்னும் வெண்புள்ளி ஒட்டுண்ணியும், அதைவிட வேகமாகக் கொல்லும் வெல்வெட் நோயும் கடையிலிருந்து மீனோடு வருபவை. இவற்றுக்குத் தரும் செம்பு மருந்து இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். அதனால் பெரிய தொட்டிக்குள் வைத்தியம் பார்க்கவே முடியாது. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் எல்லா மீன்களையும் வெளியே எடுத்து, தொட்டியை ஏறத்தாழ 11 வாரம் மீனில்லாமல் விடுவதுதான் வழக்கமான தீர்வு. அந்தத் தொல்லைக்கு 40 லிட்டர் தொட்டியும், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும், நான்கு பிளாஸ்டிக் குழாய்த் துண்டும் எத்தனையோ மேல். கடையில் இன்னொரு சோதனையும் செய்யலாம்: மீனுக்குத் தீனி போடச் சொல்லிப் பார்ப்பது. தின்னாத மீனை வாங்கக் கூடாது. சில நாடுகளில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அப்படிப் பிடித்தவை பளபளப்பாக இருந்தாலும் சில வாரங்களில் சாகக்கூடும். இறாலும் நத்தையும் உப்பின் அளவு சட்டென்று மாறினால் தாங்காதவை. பையிலிருந்து எடுத்ததும் தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்து பழக்கிவிட்டே உள்ளே விட வேண்டும்.

எவ்வளவு திட்டமிட்டாலும் ஏதோ ஓர் உயிர் ஒத்துவராமல் போகலாம், அல்லது வீடு மாறும்போது தொட்டியையே கலைக்க நேரலாம். கோமாளி மீன் தொட்டியில் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. அதற்குள் வீட்டில் என்னென்னவோ மாறிவிடும். அப்போது அதைக் கடைக்காரரிடமோ வேறொரு வளர்ப்பாளரிடமோ கொடுக்க வேண்டும். கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது என்று கடலில் விடவே கூடாது. இந்து, பசிபிக் பெருங்கடல்களைச் சேர்ந்த சிங்க மீன் 1985-இல் ஃபுளோரிடா கரையில் முதன்முதலாகக் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. இன்று அது கரீபியன் கடல் முழுவதும் பரவி, அந்த ஊர்ப் பவளப்பாறையின் குஞ்சு மீன்களைத் தின்று வருகிறது. அதைத் திரும்ப எடுக்க இன்றுவரை வழி கிடைக்கவில்லை.